ஈயக் கழிவும் ஆற்றுநீரும்

ஈயம் என்னும் ஒரே சொல்லால் தமிழர் இரண்டு உலோகங்களைக் குறித்து வந்தனர். வெள்ளீயம், காரீயம் என அடைமொழி கொடுத்தே அவற்றைப் பிரித்தறிந்தனர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சும் வெள்ளீயமே. மலாயாவில் குடியேறிய தமிழர்க்கு இவ்வடைமொழி வேண்டியிருக்கவில்லை. இங்கே ஈயம் என்றால் வெள்ளீயம்; ஈயக்குட்டை என்றால் அதைத் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய நீர். உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை ஒரு காலத்தில் இந்நாடே அளித்தது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஈயத்தை எடுத்த பின் மிஞ்சிய மண் எங்கே போயிற்று என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் பெரும்பாலும் பாறையில் இல்லை. ஆறுகள் பன்னெடுங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலிடையே கருமணலாகக் கிடந்தது. ஒரு கன கெஜம் மண்ணைக் கழுவினால் ஒரு காத்தி ஈயமணல் தேறுமாயின் அது நல்ல நிலம். காத்தி என்பது அறுநூறு கிராம் அளவு. கன கெஜம் மண்ணோ ஒரு டன்னுக்கு மேற்பட்டது. எஞ்சியது அத்தனையும் கழிவு என்க. கோப்பேங் பக்கத்தில் மலையிலிருந்து குழாய்வழி இறக்கிய நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தனர். கரைந்த குழம்பை மேலேற்றிப் பாலோங் எனப்படும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிட்டனர். கனத்த ஈயமணல் தடுப்புகளில் தங்கியது. மற்றது வெளியே ஓடியது. அவ்வாறு ஓடியதில் மணல் சிறிது தூரத்திலேயே படிந்துவிடும். நுண்களிமண்ணோ பல மைல் சென்றும் படியாமல் நீரைச் செந்நிறமாக்கும்.

இதன் விளைவை ஓர் ஊரின் வரலாறே காட்டும். சிலாங்கூரின் வடபால் உள்ள கோலாகுபு, ஈயத்தால் வளர்ந்த ஊர். 1883-ஆம் ஆண்டில் அதன் மேலே இருந்த பழைய அணை உடைந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. மாவட்ட அதிகாரியான சிசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் உயிரிழந்தார். அணையைக் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதே காரணம் என்று ஊரார் கதை கட்டினர். அணையின் முதுமையைவிட முதலையின் சினம் சொல்லச் சுவையானது அல்லவா? அவ்விடத்துக்கு அம்பாங் பெச்சா என்ற பெயர் நிலைத்தது. உடைந்த அணை என்பது அதன் பொருள்.

மக்கள் ஊரை மீண்டும் கட்டினர். இரண்டாவது அழிவு ஒரே நாளில் வரவில்லை. மேல்நிலத்து ஈய வேலைகளிலிருந்து வந்த மண் சிலாங்கூர் ஆற்றின் படுகையில் ஆண்டுதோறும் படிந்தது. படுகை உயர உயர, ஊர் ஆற்றைவிடத் தாழ்ந்தது. சிறிய மழைக்கும் வெள்ளம் கடைத்தெருவில் நுழைந்து, வடியும்போது சேற்றை விட்டுச் சென்றது. 1926-இன் பெருவெள்ளம் நாடெங்கும் சேதம் விளைத்தது. இறுதியில் அரசு ஆற்றைத் திருத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றியது. நகரமைப்பு அதிகாரி சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி, பசும்புல்வெளியும் அகன்ற தெருக்களுமாக எழுந்ததே இன்றைய கோலாகுபு பாரு.

அரசு ஏன் இவ்வளவு தாமதித்தது? மலாய் மாநிலங்களின் கருவூலத்தைத் தொடக்கத்தில் நிரப்பியது ஈயத்தின் மீதான ஏற்றுமதி வரியே. இருப்புப்பாதையும் அதற்காகவே வந்தது; 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே போடப்பட்ட முதற்பாதை துறைமுகத்துக்கு ஈயம் கொண்டு போகத்தான். ஒருபுறம் வரி வாங்கிக்கொண்டு, மறுபுறம் நெல்வயலில் சேறு படிந்த உழவரின் முறையீட்டையும் கேட்க நேர்ந்த அரசு, இரண்டு தோணியில் கால் வைத்தவர் போலவே நின்றது. கழிவு மண்ணைச் சுரங்க எல்லைக்குள் கரை கட்டித் தேக்கவேண்டும், வெளியேறும் நீரில் மண் ஓர் அளவுக்கு மேற்படலாகாது என்ற விதிகள் படிப்படியாகவே வந்தன. வடிகால் நீர்ப்பாசன இலாகா 1932-இல்தான் அமைந்தது. விதியைச் செய்தவர்கள் குறை அறியாதவர்கள் அல்லர். வரியை இழக்க மனமில்லாதவர்கள் என்பதே பொருந்தும்.

ஆயினும் இவ்வழக்கில் சுரங்க முதலாளியும் உழவரும் மட்டுமே எதிரெதிர்க் கட்சிகள் என்று கொள்வது பிழையாகும். பாலோங்கில் தங்காமல் தப்பிய ஈயம் மற்றொரு கூட்டத்துக்குச் சோறிட்டது. துலாங் என்னும் வட்டமான மரத்தட்டை ஏந்தி, ஆற்றிலும் கழிவுநீர் ஓடையிலும் இடுப்பளவு நீரில் நின்று ஈயம் அரித்த ஆயிரக்கணக்கான பெண்களே அக்கூட்டத்தார். பெரும்பாலோர் சீனர், அவருள்ளும் ஹக்கா இனத்தவர் மிகுதி. அரசின் உரிமச்சீட்டுப் பெற்றே அவர்கள் இறங்கவேண்டும். நம் வீட்டில் அரிசி களைந்து கல்லரிக்கும் கைப்பாங்குதான் அது. வீட்டில் அடியில் தங்கும் கல்லை எறிவோம். அவர்களோ அடியில் தங்குவதை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்தனர். முதலீடு இல்லை, முதலாளி இல்லை. குழந்தையை வளர்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. ஆற்றுக்கு ஈயமும் மண்ணும் சேர்ந்தே வந்தன. மண்ணைத் தடுத்த கரை, அவர்கள் தட்டுக்கு வரவேண்டியதையும் தடுத்தது. கீழ்நிலத்து வயலுக்குக் கேடாகிய அதே செந்நீர்தான் அவர்களுடைய அன்றாடக் கூலி. எந்தச் சட்டமும் இதை நேராக எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைக்காப்பு முறிந்தது. விலை சரிந்து, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. குட்டைகள் சில மீன் வளர்ப்புக்கும், மணல்மேடுகள் காய்கறித் தோட்டத்துக்கும் உதவின. தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய மண்வாரிக் கப்பல் காட்சிப்பொருளாயிற்று.

கழிவின் கதை அதனோடு முடியவில்லை. ஈயமணலைப் பிரித்தபின் எஞ்சும் கனத்த கருமணலுக்கு அமாங் என்று பெயர். அதிலுள்ள மோனசைட்டில் அருமண் தனிமங்களும், கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982-இல் ஓர் ஆலை அந்த மோனசைட்டிலிருந்து அருமண்ணைப் பிரிக்கத் தொடங்கியது. எறியப்பட்ட மண்ணுக்கு விலையும், ஊருக்கு வேலையும் கிடைத்தன. கழிவு பாதுகாப்பின்றிக் கிடக்கிறதென்று 1985-இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த மாதமே, நிறுவனத்துக்கும் தொழிலாளர்க்கும் இன்னல் விளையும் என்று உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. 1993-இல் ஊர்மக்களுக்கு எதிராகவே முடிவான தீர்ப்பும் வந்தது. ஆயினும் 1994-இல் நிறுவனம் தானாகவே ஆலையை மூடிவிட்டது. அங்கு சேர்ந்த கதிரியக்கக் கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் காப்பிடம் கட்டிப் புதைக்கும் வேலை 2010-க்குப் பின்னும் நடந்துகொண்டிருந்தது.