சூடு: எல்லைப்புறத்தில் ஒரு சொல்லின் வரலாறு

அகத்தியமலையின் அடிவாரத்தில், நெய்யாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டி அமைந்த அம்பூரியும், அங்கிருந்து வெள்ளறடை வழியாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை பரவிக் கிடக்கும் ஊர்களும் இன்று கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும்வரை, இந்த ஊர்களும் விளவங்கோட்டு ஊர்களும் முதலில் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி என ஒரே ஆட்சியின் கீழ் அண்டை வீடுகளாகவே இருந்தன. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததுபோலச் சொற்களைப் பிரித்துவிடவில்லை. தமிழும் மலையாளமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வழங்கும் இந்நிலத்தில், இரு மொழிக்கும் பொதுவான ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், காடு எரித்தவர், கதிர் அடித்தவர், நோய் தீர்த்தவர், தண்டனை தந்தவர், துப்பாக்கி ஏந்தியவர் என இந்நிலத்தில் வாழ்ந்தும் ஆண்டும் சென்ற பலருடைய தடம் அதில் தென்படுகிறது. அந்தச் சொல் ‘சூடு’.

இச்சொல்லுக்கு இணையாகப் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கப்படும் ‘ஹாட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பல பொருள்களைச் சுமப்பதே. கொதிக்கும் நீருக்கும், உறைப்பான குழம்புக்கும், சினத்திற்கும், காமத்திற்கும், அண்மையில் வந்த செய்திக்கும், திருட்டுப் பொருளுக்கும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லை ஆள்கிறது. அது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கடனாக வந்தபோது, சிப்ஸ் கடையின் பெயர்ப்பலகையிலும், உணவு ஆறாமல் காக்கும் ஹாட் பாக்ஸிலும், பீரிலிருந்து கடுமதுவைப் பிரித்துக் காட்டும் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் உறைப்பைக் குறிக்க அது இங்கே தேவைப்படவில்லை. தீயின் வெப்பத்தைச் சூடு என்றும், மிளகு மிளகாயின் உறைப்பைக் காரம் என்றும் தமிழ் தனித்தனியே பெயரிட்டு வைத்திருந்தது. எல்லைக்கு அப்பால் மலையாளமோ அதே உறைப்பை, எரிதல் என்னும் வினையிலிருந்து பிறந்த ‘எரிவு’ என்ற சொல்லால் குறித்து, ஆங்கிலத்தின் எண்ணத்துக்குச் சற்று நெருங்கி நின்றது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்த்தும் அதே நரம்பு வாயிலைத்தான் மிளகாயின் காரப்பொருளும் திறக்கிறது என்பதை டேவிட் ஜூலியசும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் வெளியிட்டனர். அத்துறை ஆய்வுகளுக்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது. உடல் இரண்டையும் ஒன்றாக உணர்வது உண்மையாயினும், நாக்கில் ஏற்படும் எரிச்சலையும் அடுப்பின் வெப்பத்தையும் ஒரே பெயரில் அடக்க மறுத்த தமிழின் பகுப்பு, மிளகு விளையும் மலைகளை அருகில் வைத்திருந்த ஒரு சமுதாயத்தின் நுண்மையான சமையலறிவு என்றே கொள்ளத்தக்கது.

சூடு என்னும் சொல்லின் பிறப்பை இலக்கணம் தெளிவாகக் காட்டுகிறது. ‘சுடு’ என்னும் வினையடியின் முதலெழுத்து நீண்டு ‘சூடு’ என்று பெயராவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். அதாவது வேறு விகுதி எதுவும் சேராமல், வினையின் முதல் உயிர் நீள்வதாலேயே செயலின் பெயர் உண்டாகும் முறை அது. கெடு கேடு ஆவதும், பெறு பேறு ஆவதும், விடு வீடு ஆவதும் இவ்வாறே. எனவே சூடு என்பது வெப்பம் என்னும் நிலையைக் குறிப்பதற்கு முன்பே சுடுதல் என்னும் செயலைக் குறித்த சொல். அதற்குப் பின்னால் எப்போதும் சுடுகின்ற ஒரு கையும் சுடப்படுகின்ற ஒரு பொருளும் உண்டு. இதே ஒலியில் வேறு இரு சொற்களும் தமிழில் உள்ளன: தலையில் அணிதலைக் குறிக்கும் சூடு, அறுத்த நெற்கதிர்க் கட்டைக் குறிக்கும் சூடு. மூன்றும் ஒரே வேரின என்று கொள்ளச் சான்று போதாது. எனினும் வழக்கில் மூன்றும் ஒரே வாயில் பிறந்து, ஒரே செவியில் விழுந்தவை.

சுடுதலின் பழைய களம் மலைச்சரிவு. அம்பூரியையும், எல்லைக்கு இப்பால் உள்ள பத்துகாணி, ஆறுகாணி ஆகிய ஊர்களையும் சூழ்ந்த அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிக்காரர், காட்டின் ஒரு பகுதியை வெட்டி உலரவிட்டு, தீயிட்டுச் சுட்டு, சாம்பல் படிந்த மண்ணில் விதைத்து, சில காலத்துக்குப் பின் வேறிடம் பெயரும் புன வேளாண்மையை நெடுங்காலம் செய்துவந்தவர்கள். இம்முறையில் சுடுதல் அழிவுக்கான செயலாக இருக்கவில்லை. மரத்தில் அடங்கிய உரத்தை மண்ணுக்கு மீட்கும் வழியாக இருந்தது. சமவெளியிலோ அதே வினை மண்ணைவிட்டு உடலுக்கு வந்தது: பிணம் சுடும் இடம் தமிழில் சுடுகாடு, சுடலை என்றும், மலையாளத்தில் சுடல என்றும் பெயர் பெற்றது. அந்தச் சுடலையையே தன் பெயராகக் கொண்ட மாடன், தென் திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் வில்லுப்பாட்டோடு வழிபடப்படும் தெய்வமானான். விளைச்சலின் தொடக்கத்துக்கும் வாழ்வின் முடிவுக்கும் ஒரே வினையடி போதுமானதாக இருந்திருக்கிறது.

கதிர்க்கட்டைக் குறிக்கும் சூடு மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை, மலைபோல் குவித்த நெற்சூட்டைப் பேசுகிறது. ஈழத்து வயல்களில் சூடு வைத்தல், சூடு மிதித்தல் என்னும் தொடர்கள் கதிர்க்கட்டுகளைப் போராக அடுக்குதலையும் கதிரை மாடுகொண்டு மிதிக்கச் செய்தலையும் குறித்து இன்றளவும் புரிந்துகொள்ளப்படுகின்றன. நாஞ்சில் நாட்டிலும் சூடடித்தல் என்பது களத்து வேலையின் பெயராக வழங்கியது. மலையாளத்திலோ கட்டுக்குக் ‘கற்ற’ என்றும் மிதித்தலுக்கு ‘மெதி’ என்றும் பெயர். ஆகவே பாறசாலை வட்டாரம் போன்ற இருமொழி நிலங்கள், ஒரே வேலைக்கு இரு மொழிகளின் பெயர்களும் சந்திக்கும் இடங்களாக அமைந்தன. ஈரம் முழுதும் போகாத வைக்கோலை நெருக்கி அடுக்கினால், அதனுள் பெருகும் நுண்ணுயிர்களால் போரின் நடு வெப்பமடைவது இயற்கை. கதிர்க்கட்டின் பெயர் அந்த வெப்பத்திலிருந்து பிறந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் போருக்குள் கைவிட்டுப் பார்த்த உழவனுக்கு, சூடு என்னும் இரண்டு சொற்களும் அந்தக் கணத்தில் ஒன்றாகவே உணரப்பட்டிருக்கும்.

அணிதலைக் குறிக்கும் சூடு, எல்லையின் இருபுறமும் வேறுவேறு விதமாக வாழ்கிறது. தமிழ்ப் பேச்சில் பூவைத் தலையில் வைப்பதே வழக்கு. சூடுதல் எழுத்துக்கும் கவிதைக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. ஆண்டாளுக்கு வழங்கும் சூடிக்கொடுத்தவள் என்னும் சிறப்புப் பெயரிலும், 2010ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாஞ்சில் நாடனின் ‘சூடிய பூ சூடற்க’ என்னும் சிறுகதைத் தொகுப்பின் தலைப்பிலும் அது நிலைத்திருக்கிறது. மலையாளத்திலோ பூச்சூடுவதோடு குடையும் சூடப்படுகிறது. கையில் பிடிக்கும் பொருளைச் சூடுவதாகச் சொல்வது முதலில் பொருந்தாததுபோலத் தோன்றினும், மழையில் நடவு நட்டவர்கள் இரு கைகளும் வேலை செய்ய வசதியாகத் தொப்பிபோல் தலையிலேயே பொருத்திக்கொண்ட ஓலைக்குடையை நினைத்தால், அச்சொல்லாட்சி எவ்வளவு துல்லியமானது என்பது விளங்கும். கம்பியும் துணியும் கொண்ட குடை வந்து தலைக்குடை மறைந்த பிறகும் வினைச்சொல் மாறவில்லை. உலர்ந்த தென்னோலையைக் கட்டி எரிக்கும் பந்தத்துக்கு மலையாளத்தில் வழங்கும் ‘சூட்டு’ என்னும் பெயரும், மின்விளக்கு வருமுன் இரவில் வழிநடந்தவர்களின் நினைவைத் தாங்கி நிற்பதே.

உடலின் சூடு தனியொரு துறை. சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் மூன்று குற்றங்களின் சமநிலையே நலம் என்று கொள்வது; இவற்றுள் அழல் என்பது பித்தம், அதாவது உடலுக்குள் இருக்கும் நெருப்பு. அகத்தியரை முதலாசானாகக் கொண்டாடும் இந்த மலையடிவாரத்தில், விளவங்கோட்டிலிருந்து நெய்யாற்றின்கரை வரை வர்ம ஆசான்களின் மரபு வேரூன்றியது. உடலில் அடிபட்டால் உயிருக்கு இடர்தரும் நிலைகளை அறிந்து, தடவலாலும் எண்ணெயாலும் அவற்றை இயல்புக்குக் கொண்டுவரும் கலையே வர்மம். இம்மரபுகள் பரவிய வீடுகளில் உணவு முழுவதும் சூடு, குளிர்ச்சி என்று இரண்டாகப் பகுக்கப்பட்டது. இங்கே சூடு என்பது வெப்பமானி காட்டும் அளவு அன்று: அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி குளிர்ச்சியாகவும், நிழலில் பழுத்த பப்பாளி சூடாகவும் கருதப்படலாம். கண்ணெரிச்சல், நீர்க்கடுப்பு, சூட்டுக்கட்டி ஆகியவை சூடு மிகுந்ததன் அடையாளங்களாகவும், எண்ணெய்க் குளியல், இளநீர், நுங்கு ஆகியவை அதைத் தணிப்பனவாகவும் கொள்ளப்பட்டன. வெப்பச் சொற்களில் மற்றொன்றான ‘கொதி’ இங்கே இன்னும் விரிந்த பயணம் செய்தது. தமிழில் அது நீரின் கொதிப்பையும் சினத்தையும் குறிக்க, மலையாளத்தில் உணவின்மீது எழும் அடங்காத ஆசையையும் குறித்தது. ஒருவர் உண்பதை மற்றொருவர் ஏக்கத்தோடு பார்த்ததால் வயிறு வலிக்கிறது என்று நம்பி, அதற்கு மந்திரம் ஓதி நீக்கும் வழக்கமும் இச்சொல்லின் பெயராலேயே அறியப்பட்டது. பசித்தவன் முன்னிலையில் தனித்து உண்பது தவறு என்னும் அறவுணர்வு, ஒரு நோயின் வடிவத்தில் அங்கே காக்கப்பட்டிருக்கிறது.

சுடுகின்ற கை எப்போதும் மருத்துவனுடையதாக இருக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் உரிமைக்குறி இடுவதும், நோய் தீர்க்கவென்று மாட்டுக்கும் சில வேளை குழந்தைக்கும் தழும்பு ஏற்படுத்துவதும் சூடு போடுதல் எனப்பட்டன. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனிதனுக்கு ஒரு சொல் என்னும் பழமொழியும், நாணமும் தன்மதிப்பும் உடையவனைச் சூடு சொரணை உள்ளவன் என்னும் வழக்கும், தோலில் பட்ட சூட்டை மனத்தின் உணர்வாக மாற்றிக்கொண்டவை. அரசும் கோயிலும் சூட்டை மெய்யறியும் கருவியாக ஆண்டதற்குச் சுசீந்திரம் சான்று. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள், தாணுமாலயன் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட்டு, புண் ஏற்படாமையைக் காட்டித் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கைமுக்கு எனப்பட்ட இச்சோதனையைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தம் ஆட்சிக்காலத்தில் (1829–1846) நிறுத்தினார். வெந்த தோல் உண்மையைச் சொல்லும் என்னும் நம்பிக்கை, சட்டத்தின் அரங்கிலிருந்து வெளியேறியது அந்த ஆட்சியில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் சூடு என்னும் சொல்லுக்கு இந்நிலம் தந்த பொருள் மிகக் கொடியது. 1938 ஆகஸ்டில், பொறுப்பாட்சி கேட்டுத் திருவிதாங்கூர் மாநில காங்கிரஸ் தொடங்கிய போராட்டத்தின்போது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பதினாறு ஆண்டுகள் கழித்து, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று விளவங்கோடு வட்டத்தின் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர்கள் சுட்டதில் மீண்டும் மக்கள் மாண்டனர். அப்போது ஆட்சியிலிருந்தது பட்டம் தாணுபிள்ளையின் தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் கட்சி அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச்செயலாளரான ராம்மனோகர் லோகியாவே, மக்கள்மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று கோரினார். இத்தகைய நிகழ்ச்சியைத் தமிழ் துப்பாக்கிச் சூடு என்றும், மலையாளம் வெடி என்னும் சொல்லிலிருந்து வெடிவைப்பு என்றும் குறிக்கின்றன. ஒரு மொழி கேட்ட ஓசையையும் மற்றொரு மொழி பட்ட தீயையும் நினைவில் வைத்துக்கொண்டன. பிரிவுக்கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. ஆனால் 1956இல் அது கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழர்க்கு, அந்தச் சொல் தாம் பெறாத ஒன்றுக்காகப் பிறர் தந்த விலையையும் சேர்த்தே ஒலித்திருக்க வேண்டும்.

அதன் பின் வேலையின் முகமே மாறியது. கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோர் அம்பூரிச் சரிவுகளில் பயிரிட்ட ரப்பர், எல்லையின் இருபுறமும் மேட்டுநிலத்தை மூடியது; நெல்வயல்கள் சுருங்கின. ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கி, புகைப்புரையில் பல நாள் வெப்பத்தில் உலர்த்துவதும் சூட்டை ஆளும் தொழில்தான். ஆனால் அத்தொழில் தன் பெயரைப் புகையிலிருந்து எடுத்துக்கொண்டதேயன்றிச் சூட்டிலிருந்து எடுக்கவில்லை. களம் இல்லாத ஊரில் சூடடித்தலுக்குப் பொருள் இல்லை. தலைக்குடை இல்லாத வயலில் குடை சூடுதலின் காரணம் விளங்குவதில்லை. தேநீருக்கும் காய்ச்சலுக்கும் சண்டைக்கும் மட்டும் வழங்கும் ஒற்றைப் பொருட்சொல்லாகச் சூடு சுருங்குவது, மொழி எளிமையாவதன் அடையாளமன்று. அதன் பின்னாலிருந்த கைகள் ஓய்ந்ததன் அடையாளம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி வட்டார வழக்குகளுக்கும் இடமளித்தது. மலையாளத்துக்குக் குண்டர்ட்டின் 1872ஆம் ஆண்டு அகராதி முதலாக வலுவான மரபு உண்டு. ஆயினும் தமிழ் அகராதி தமிழைத் தேடியது, மலையாள அகராதி மலையாளத்தைத் தேடியது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசும் பாறசாலைக்காரரின் சொல் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அச்சொற்களைத் தொகுப்போர், எந்த மொழிக்கு உரியது என்னும் வழக்கை முதலில் எழுப்பாமல், எந்த வேலையில் பிறந்தது, யார் செய்தார், எந்தக் கருவியால் செய்தார் என்று கேட்டு எழுத வேண்டும். புனம் சுட்ட காணிக்காரரும், கதிர்ச்சூடு அடித்த உழவரும், ஓலைக்குடை சூடி நடவு நட்ட பெண்டிரும் தம் வரலாற்றை ஏட்டில் எழுதிவைத்தவர்கள் அல்லர். அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் அவர்களுடைய வினைச்சொற்களே. நினைவுள்ள முதியோர் வாழும் நாளிலேயே அவற்றைக் கேட்டுப் பதிவு செய்வது, இந்நிலத்துக்கு அறிவுலகம் பட்டிருக்கும் கடன்.