ஸ்டூலின் மேல் நின்றவர்

பெரிய விஞ்ஞானிகள் தங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது மூளையைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். ஒரு எண்ணம் உதித்ததாம், மருத்துவமே மாறிப்போச்சாம். அறுத்த கை, தைத்த கை, ரத்தம் கழுவிய கை எல்லாம் அந்தக் கதையில் வருவதேயில்லை. அப்படிப்பட்ட ஒரு கை தானே பேனா பிடித்து எழுதியது. அது விவியன் தாமஸின் கை.

1910இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த கறுப்பர் அவர். நாஷ்வில் நகரில் தச்சுவேலை. டாக்டருக்குப் படிக்கணும்னு காசு சேர்த்தார். 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற வெள்ளை டாக்டரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதன் பிறகு பொருளாதார வீழ்ச்சியில் பேங்க் மூழ்கியது, சேமிப்பும் போச்சு. செய்தது ஆராய்ச்சி; சம்பளக் கணக்கில் அவருக்குக் கிடைத்த பதவியோ கூட்டிப் பெருக்குகிற ஆள்.

1941இல் இருவரும் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே குழந்தை மருத்துவர் ஹெலன் டௌசிக் ஒரு கேள்வி கேட்டார்: பிறவி இதயக் கோளாறால் நுரையீரலுக்கு ரத்தம் போதாமல் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளுக்கு வழியே இல்லையா? கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்துத் தைப்பதை வாண்டர்பில்ட்டிலேயே வேறொரு காரியத்துக்காகச் செய்து பார்த்திருந்தார்கள். அந்தப் பரிசோதனை தோற்றிருந்தது. தோற்ற வேலைதான் இங்கே கைகொடுத்தது. தாமஸ் அதை நாய்களில் திரும்பத் திரும்பத் தைத்துப் பழகினார். அவ்வளவு சின்னக் குழாய்க்கு ஏற்ற ஊசியைக்கூட அவரே செதுக்கிச் சரிசெய்தார்.

1944 நவம்பர் 29. மேஜையில் ஒன்றேகால் வயதுக் குழந்தை. பிளாலாக் இந்தச் சிகிச்சையை அதற்கு முன் ஒரே ஒருமுறை, அதுவும் தாமஸ் கூட இருக்க, ஒரு நாய்க்குத்தான் செய்திருந்தார். அதனால் தாமஸைக் கூப்பிட்டுத் தனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் நிற்க வைத்தார். தோளுக்கு மேலாகப் பார்த்து, தையல் எந்தப் பக்கம் போகணும்னு தாமஸ் சொல்லச் சொல்ல பிளாலாக் தைத்தார்.

1945இல் கட்டுரை வந்தது. பிளாலாக், டௌசிக் என்று இரண்டு பெயர்கள். சிகிச்சைக்கும் அந்த இரண்டு பெயர்களே நிலைத்தன. பின்னாளில் பேர்பெற்ற எத்தனையோ இதய அறுவை டாக்டர்கள் தாமஸிடம் கைப்பழக்கம் கற்றவர்கள். அவரோ குடும்பம் நடத்த பிளாலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுத்தார். 1976இல்தான் கௌரவ டாக்டர் பட்டம் வந்தது. அதுவும் சட்டத்தில், மருத்துவத்தில் இல்லை. 1985இல் அவர் இறந்தார். அவருடைய தன்வரலாறு வெளியானதும் அதே ஆண்டுதான். சமீப ஆண்டுகளில் பலர் அந்தச் சிகிச்சையின் பெயரில் தாமஸையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

கைவேலை கீழே, மூளைவேலை மேலே என்ற கணக்கு நமக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆராய்ச்சி எப்படி வளருதுன்னு கேட்டா, தாமஸின் புத்தகம் காட்டுகிற பதில் இது: தோற்றதைத் தூக்கிப்போடாமல், ஒரே தையலை நூறு தடவை போட்டுப் பார்க்கிற கை யோசிக்கவும் செய்கிறது. அந்தக் கைகள் எழுதாதவரைக்கும் விஞ்ஞான வரலாறு பாதிக் கதைதான்.