டேவிட் மோர்லி

டேவிட் மோர்லி (1923–2009) சமூக சுகாதாரப் பணிக்கு அறிவியல் அடித்தளம் அமைத்த பிரிட்டிஷ் குழந்தைநல மருத்துவர். அப்பணி மருத்துவமனைச் சிகிச்சையைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணத்தை அவரது வாழ்க்கைப்பாதையே மறுக்கிறது. 1950-களில் நைஜீரியாவின் இலேஷாவில் பணியாற்றியபோது, இமெசி-இலே கிராமத்துக் குழந்தைகளைப் பிறப்பு முதல் ஐந்து வயதுவரை தொடர்ந்து கவனித்தார். ஊட்டக்குறைவின் அறிகுறிகள் வெளியே தெரியும் முன்பே எடை ஏறுவது நின்றுவிடும். வார்டில் காத்திருக்கும் மருத்துவருக்கு அந்தக் கட்டம் கண்ணில் படாது. எனவே குழந்தையின் எடையைக் குறித்துவரும் வளர்ச்சி அட்டையை அவர் தாயின் கையிலேயே கொடுத்தார். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான கிளினிக்கில் எடை பார்த்தல், தடுப்பூசி, சிகிச்சை மூன்றையும் ஒன்றாக்கி, அன்றாடப் பொறுப்பைச் செவிலியரிடம் ஒப்படைத்தார். இந்த ஒப்படைப்புதான் அவரது துணிச்சலான முடிவு என்று சொல்லவேண்டும்.

இம்முறை ஏழைகளுக்கான மலிவு மருத்துவம் என்பார்கள். ஆனால் ஊட்டக்குறைவுள்ள குழந்தையைத் தட்டம்மை எவ்வளவு கொடுமையாகத் தாக்குகிறது என்பதை அவர் அறிந்தது இத்தகைய நெடுங்காலக் கண்காணிப்பால்தான். எடை பார்ப்பதால் மட்டும் குழந்தை தேறிவிடாது என்ற பிற்கால விமர்சனம் நியாயமானதே; எனினும் அது குறைசொல்வது, ஆலோசனையும் உணவும் சிகிச்சையும் இன்றி அட்டையை மட்டும் நிரப்பும் வழக்கத்தை. பின்னர் லண்டன் குழந்தைநலக் கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய மோர்லி, 1965-இல் மலிவுவிலைப் பாடநூல்களும் கருவிகளும் வழங்கும் 'டால்க்' அமைப்பைத் தொடங்கினார்.