பறவைக் காவல்: புத்தளம் கரையோரத்தின் எழுதப்படாத ஒரு பக்கம்

புத்தளம் கரையோரத்தின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகச் சில இடங்களில் தொடங்குவர். 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா, பத்தாலா என்று தாம் குறிப்பிடும் துறையில் கரையேறி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டமை ஒன்று. கற்பிட்டியில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை மற்றொன்று. அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய விபரத் திரட்டை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இன்னொன்று. உப்பு, முத்து, கறுவா, தென்னை என்று பொருளாதார வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் இக்கரையில் வாழ்ந்த சாதாரண மனிதர்களின் நாளாந்தப் பாடு அந்தப் பக்கங்களில் குறைவு. அப்பாடுகளுள் ஒன்று பறவைக் காவல். மீனையும் இறாலையும் பறவைகளிடமிருந்து காப்பது ஒரு தொழிலாக எமது பகுதியில் எப்போது தோன்றியது, ஏன் தோன்றியது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களப்பில் காவல் இருக்கவில்லை

புத்தளம் களப்பு முந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில் வந்து கலக்கின்றன. வடக்கே ஒல்லாந்தர் குடாவும் போர்த்துக்கேயர் குடாவும் அதனைக் கடலோடு இணைக்கின்றன. ஆழம் குறைந்த நீர், கடற்புல், கரையெங்கும் கண்டல். மீன் குஞ்சு வளர்வதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. மீனுண்ணும் பறவைகளுக்கும் அப்படியே. இலங்கையில் காணப்படும் மூன்று வகை நீர்க்காகங்களும் இங்குண்டு. கொக்கு, நாரை, கூழைக்கடா, ஆலா, கடற்காகம், செம்பருந்து, மீன்கொத்தி என்று பட்டியல் நீளும்.

இவ்வளவு பறவைகள் இருந்தும், களப்பில் தொழில் செய்த எமது முன்னோர் அவற்றை விரட்டக் காவல் போட்டதாக நான் விசாரித்த முதியவர்கள் எவரும் கூறவில்லை. மாறாக, பறவை அவர்களுக்கு வழிகாட்டியாகவே இருந்தது. நீர்க்காகங்கள் கூட்டமாக வரிசை கட்டி மூழ்கி, மீன் திரளை ஆழமற்ற பக்கத்துக்கு ஒதுக்கும். மேலே ஆலாக்கள் வட்டமிடும். அதைப் பார்த்து வள்ளத்தைத் திருப்புவது வழக்கம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு சம்மாட்டியார் என்னிடம் இப்படிச் சொன்னார்:

"தம்பி, நீர்க்காகம் எங்க விழுதோ அங்கதான் எங்கட வலையும் விழும். அது கள்வன் இல்ல, அது முன்னால போற ஆள்."

காவல் தேவைப்பட்ட ஒரேயொரு இடம் கருவாட்டு வாடி. உப்பிட்டுக் காயப்போட்ட மீனைக் காகமும் பருந்தும் தூக்கும். அங்கே கம்பும் கையுமாக உம்மாமாரும் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பழைய வலையைக் கருவாட்டின் மேல் விரித்தார்கள். செத்த காகத்தைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடலில் கிடக்கும் மீன் எவருக்கும் சொந்தமில்லை, பிடித்தவருக்கே அது உரியது என்பது எமது மார்க்கச் சட்டத்திலும் தெளிவான விதி. வலையில் ஏறிக் கரைக்கு வந்த பிறகுதான் அது ஒருவரின் உடைமையாகிறது. காவலும் அந்த எல்லையில்தான் தொடங்கியது. நீரிலிருந்த மீனில் பறவைக்கும் பங்கு. கரையிலிருந்த மீனில் பங்கில்லை. இவ்விதியை யாரும் எழுதிவைக்கவில்லை, எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

நீர் வேலிக்குள் வந்தது

1980களில் இந்நிலை மாறத் தொடங்கியது. சிலாபம் முதல் புத்தளம் வரையான கரையோரத்தில் கறுவண்டு இறால் எனப்படும் பெரிய இறாலை வளர்க்கும் பண்ணைகள் தோன்றின. முதலில் பெரிய கம்பனிகள் வந்தன. இலாபத்தைக் கண்டு நடுத்தர முதலாளிமாரும், பின்னர் நகையை ஈடுவைத்த சிறியவர்களும் இறங்கினர். கண்டல் காடுகள், உவர் நிலங்கள், தென்னந்தோட்டங்கள் குளங்களாக வெட்டப்பட்டன. முந்தல், உடப்பு, ஆராச்சிக்கட்டு ஆகிய பக்கங்களில் வீதியால் போனால் இருபுறமும் சதுரம் சதுரமாக நீர் தெரியும்.

இக்குளங்கள் ஒரு மீற்றரளவு ஆழமே உடையவை. அதில் இலட்சக்கணக்கில் குஞ்சு விடப்பட்டு, நான்கைந்து மாதங்கள் தீன் போட்டு வளர்க்கப்படும். நீர்க்காகத்தின் கண்ணுக்கு இது திறந்துவைத்த பந்தி. பெரிய நீர்க்காகம் ஒன்று நாளொன்றுக்கு அரைக் கிலோவளவு மீன் தின்னும் என்பர். கடன் வாங்கிப் பண்ணை போட்டவருக்கு ஒவ்வொரு முழுகலும் பணம். எனவே, களப்பில் வழிகாட்டியாக இருந்த அதே பறவை பண்ணை வரம்பில் கள்வனாயிற்று. மாறியது பறவையன்று, நீரின் உடைமை.

காவல் முறைகள் பல. குளத்தின் குறுக்கே நெருக்கமாக நைலோன் நூல் கட்டுவது முதலாவது. பறவை இறங்கும்போது சிறகு தட்டித் திரும்பிவிடும். மின்னும் நாடாக்கள், பழைய கசற் நாடாக்கள் காற்றில் இரைய விடப்பட்டன. தகரம் தட்டினர், சீனவெடி கொளுத்தினர். சில இடங்களில் துவக்கும் வெடித்தது. ஆனால் நீர்க்காகம் புத்திசாலி. பொம்மைக்கும் வெடிக்கும் சில நாட்களில் பழகிவிடும். ஆகவே வரம்பில் ஓடித்திரிய ஆள் வேண்டும். அதுவும் மலிவான ஆள்.

வரவு இடாப்பில் சிவப்பு மை

அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தனர். வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதாயிரத்துக்கு மேல். மன்னாரிலும் முசலியிலும் சொந்த வள்ளம் வைத்திருந்தவர்கள் ஓலைக் கொட்டிலுக்குள் முடங்கினர். களப்பில் ஏற்கனவே தொழில் செய்தோரின் வலைகளே நெருங்கிக் கிடந்தன. இடம் கொடுத்த ஊராருக்கும் வந்தவர்களுக்கும் அதே நீர்தான். ஆகவே பலர் தோட்டத்துக்கும், உப்பளத்துக்கும், இறால் பண்ணைக்கும் கூலியாகச் சென்றனர். அவர்களோடு ஊரிலிருந்த ஏழைகளின் பிள்ளைகளும் சென்றார்கள்.

நான் அக்காலத்தில் மாணவன். என் வகுப்பிலிருந்து பையன்கள் ஒவ்வொருவராகப் 'பறவைக் காவலுக்கு' நின்றுவிட்டார்கள். பறவை வருவது அதிகாலையிலும் அந்தியிலும். சுபஹுத் தொழுகைக்கு முன் வரம்புக்குப் போகவேண்டும். காலையில் காவல் முடித்து வந்தவன் பாடசாலையில் மேசைமீது தலைவைத்து உறங்குவான். சில வாரத்தில் வருவதையும் விடுவான். கெட்டபோலும் தகர டின்னும்தான் அவர்களது புத்தகமும் கொப்பியும்.

ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்துக் கற்பிக்க வந்தபின், பழைய வரவு இடாப்புகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1990களின் இடாப்புகளில் சில பெயர்களுக்கு எதிரே மாதக் கணக்கில் வெற்றிடம். பின்னர் சிவப்பு மையில் ஒரு கோடு. இறால் ஏற்றுமதி பற்றிய அட்டவணைகளில் தொன் கணக்கும் டொலர் கணக்கும் இருக்கும். இந்தச் சிவப்புக் கோடுகள் அவற்றில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அதே வரலாற்றின் கணக்குத்தான் இதுவும்.

பறவை கொண்டுவந்த செய்தி

1996இல் வெண்புள்ளி நோய் வடமேற்குக் கரையைத் தாக்கியது. கிழக்காசியாவில் 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட இவ்வைரசு, சில நாட்களுக்குள் ஒரு குளத்து இறால் முழுவதையும் கொன்றுவிடக் கூடியது. 1998இலும் அதன் பின்னரும் அது திரும்பத் திரும்ப வந்தது. கடன்பட்டவர்கள் நொடித்துப் போனார்கள். பெருந்தொகையான குளங்கள் கைவிடப்பட்டன.

அப்போது பழி பறவை மீது விழுந்தது. நோயுற்ற இறாலை ஒரு குளத்தில் கௌவி மற்றக் குளத்தில் போடுகிறது, எச்சத்தாலும் பரப்புகிறது என்றார்கள். இதில் பாதி உண்மை. அலகிலிருந்து நழுவும் செத்த இறால் பக்கத்துக் குளத்தைக் கெடுக்கக்கூடியதே. எச்சத்தின் கதை வேறு. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கோழிக்கு நோயுற்ற இறாலைத் தீற்றிப் பார்த்தார்கள். தோரா எனும் மற்றோர் இறால் வைரசு குடலைக் கடந்தும் வீரியத்தோடு வெளிவந்தது. வெண்புள்ளி வைரசு அவ்வாறு வரவில்லை.

உண்மையான பாதை கண்முன்னே ஓடியது. அதுதான் ஒல்லாந்தர் பெயரால் வழங்கும் கால்வாய். சிலாபம் களப்பையும் முந்தல் வாவியையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் அந்த நீரிலிருந்துதான் பண்ணைகள் நீர் இறைத்தன. அறுவடை முடிந்ததும், நோய் வந்ததும், அதே நீருக்குள்தான் கழிவைத் திறந்துவிட்டன. ஒருவரின் கழிவு அடுத்தவரின் ஊற்று. நோயுள்ள குஞ்சுகளும் பொரிப்பகங்களிலிருந்து வந்தன. வானத்துக்கு நூல் கட்டியவர்கள் மதகைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

காவலிருந்த பையன்கள் இன்னொன்றையும் கண்டிருந்தார்கள். சுகமான இறால் அடியில் கிடக்கும். நோயுற்றதுதான் மேலே மிதந்து கரையோரம் ஒதுங்கும். ஆகவே ஒரு குளத்தில் மட்டும் திடீரெனக் கொக்கும் காகமும் கூடினால், அக்குளத்தில் நோய் விழுந்துவிட்டது என்பதே பொருள். முகாமையாளர் அறியுமுன் காவற்காரப் பையன் அறிவான். அவன் சொல்லைக் கேட்டு உடனே நீரை அடைத்தவர்கள் அயலவரைக் காப்பாற்றியிருக்கலாம். பெரும்பாலும் அவசர அவசரமாக அறுத்து விற்று, நீரைத் திறந்துவிடுவதே நடந்தது.

பிற நாடுகளில்

இது எம்மோடு நின்ற கதையன்று. பெரு நாட்டில் நீர்க்காகத்தின் எச்சம் உரமாக விற்கப்பட்டதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அரசு பறவைத் தீவுகளைக் காவல் செய்தது. 1950களில் மீன்மாவுத் தொழில் பெருகியதும் அதே பறவை நெத்தலிக்குப் போட்டியாளராகக் கருதப்பட்டது. ஆனால் 1972இல் நெத்தலி வளம் சரிந்தபோது காரணமாக நின்றவை மிதமிஞ்சிய மீன்பிடியும் எல்நினோவுமே. அமெரிக்காவின் ஒன்ராறியோ ஏரியிலுள்ள சிறு தீவொன்றில், 1998இல் மீன்பிடிப்போர் சிலர் நூற்றுக்கணக்கான நீர்க்காகங்களைச் சுட்டுக் குவித்துத் தண்டனை பெற்றனர். அவ்வாண்டே மீன் பண்ணையாளர் நீர்க்காகத்தைச் சுட அந்நாட்டு அரசு விசேட அனுமதி வழங்கியது. 2016இல் நீதிமன்றம் அதை நிறுத்தியது; 2020இல் புதிய விதி வந்தது. சட்டம் அங்குமிங்கும் ஆடியதே தவிர, வழக்கு முடியவில்லை.

எமது மாவட்டத்திலும் இரு பக்கமும் உண்டு. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனவிழுந்தான் குளத்தொகுதி 1997இல் சரணாலயமாக்கப்பட்டது. 2001இல் றம்சார் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இலங்கையில் பூந்தலவுக்கு அடுத்தது அதுதான். அதன் மரங்களில் கூடுகட்டும் நீர்க்காகமும் கொக்கும், சிறகடித்தால் எட்டும் தூரத்திலுள்ள இறால் பண்ணைகளில் இரை தேடும். ஒரே பறவை வேலிக்கு இப்பால் செல்வம், அப்பால் சேதம். 2020 ஓகஸ்டில் அச்சரணாலயத்தின் கண்டல்கள் இறால் பண்ணைக்காக அழிக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அப்போது யார் யாருடைய இடத்தினுள் புகுந்தது என்ற கேள்வி எழாமலிருக்க முடியாது.

நீதி எங்கே நிற்கிறது

காகத்தையும் பருந்தையும் தீங்கு செய்யும் பிராணிகளோடு சேர்த்துக் கொல்ல அனுமதித்த ஹதீஸ் உண்டு. முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்துடைய ஹதீஸும் உண்டு. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்ற அறிவிப்பும் உண்டு. இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தன் உடைமையைக் காப்பது ஆகுமானது, வீண் கொலை ஆகாது என்பது விளங்கும். தன் குளத்துக்கு நூல் கட்டுபவரை நான் குறைகூற மாட்டேன். அவரது கடனும் கவலையும் எனக்குத் தெரியும். ஆனால் பொதுக் கண்டலை வெட்டி, பொது நீரில் கழிவை விட்டுவிட்டுப் பறவையைக் கள்வன் என்பது வேறு.

2000களின் பின் நிலைமை ஓரளவு திருந்தியது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் பகுதி பகுதியாகக் குஞ்சு விடும் நாட்காட்டியை நடைமுறைப்படுத்தின. அதாவது, நோயைத் தடுக்க மனிதருக்கிடையே ஒழுங்கு வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. 2018இல் வெள்ளைக்கால் இறாலும் நாட்டினுள் அனுமதிக்கப்பட்டது. நூலும் நண்டு வேலியும் இன்றும் உள்ளன. அவற்றோடு நீரின் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

அன்று வரம்பில் ஓடிய பையன்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். எந்தக் குளத்தில் எந்த ஆண்டு முதலில் கொக்கு கூடியது, எந்தப் பக்கம் மதகு திறந்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம். எமது கரையோரப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகவேண்டும். அவர்களுக்கு நாம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் சொல்வதை எழுதியாவது வைப்போம்.