பந்தயத்தட சஸ்பென்ஷன் சீரமைப்பு

பந்தயத்தட சஸ்பென்ஷன் சீரமைப்பு என்பது, வளைவுகளில் காரின் டயர்கள் இயன்ற அளவு பிடிப்புத் தரும்படி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆன்டி-ரோல் பார், சக்கரக் கோணங்கள் ஆகியவற்றை அமைக்கும் பணி.

அடிப்படை: வளைவில் சுமை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. சுமை கூடினால் டயரின் பிடிப்பும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே வெளிச்சக்கரம் பெறுவது உட்சக்கரம் இழப்பதை ஈடுசெய்வதில்லை. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் இச்சுமைமாற்றம் குறையும்.

ஆன்டி-ரோல் பார்: சுமைமாற்றத்தை முன், பின் அச்சுகளுக்கிடையே பங்கிடுகிறது. முன் பாரின் விறைப்பைக் கூட்டினால் பொதுவாக முன்பிடிப்பு குறைந்து அண்டர்ஸ்டியர் (முன்சக்கரங்கள் வழுக்கி கார் போதிய அளவு திரும்பாமை) மிகும். பின் பாரில் கூட்டினால் ஓவர்ஸ்டியர் (பின்சக்கரங்கள் வழுக்கி கார் மிகையாகத் திரும்புதல்) மிகும். பாராகப் பயன்படும் தண்டின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் படிக்கேற்ப உயர்வதால், 20 மி.மீ. திடத் தண்டை 22 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும்.

கேம்பர்: சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரம் தரையில் நன்கு படிய இது உதவுகிறது. மிகையானால் நேர்ப்பாதையில் பிரேக் பிடிப்பு குறையும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும்.

சோதனை: ஓட்டம் முடிந்தவுடன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பநிலை அளக்கப்படுகிறது. வெளிவிளிம்பு மிகச் சூடாயிருந்தால் பெரும்பாலும் நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. நடுப்பகுதி சூடாயிருந்தால் காற்றழுத்தம் மிகுதி. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து சுற்று நேரத்தை ஒப்பிடுவதே நம்பகமான முறை.