இரவற் பெயரும் படைப்பின் குரலும்

தமிழ் நூல் மரபிலே சிறப்புப் பாயிரம் என்றொரு வழக்கு உண்டு. எத்துணைப் புலமை உடையவனாயினும் தன் நூலைத் தானே புகழ்தல் தகாது. பிறனொருவனே அதனை அவைக்கு எடுத்துரைத்தல் வேண்டும் என்பது அவ்வழக்கின் அடிப்படை. அவ்வாறு உரைக்கத் தக்கவர் யாவர் என்பதனையும் நன்னூலார் வரையறுத்துள்ளார். நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை கண்டவன் ஆகியோரே அதற்கு உரியோர். பாயிரம் தெரிவிக்க வேண்டியனவாக அவர் கூறும் எட்டுச் செய்திகளுள் நூலை ஆக்கியோன் பெயரும் அந்நூல் நுதலிய பொருளும் அடங்கும். பாயிரம் உரைப்போன் நூலோடு மெய்யான உறவு உடையவனாயிருத்தல் வேண்டும். அவன் வாயால் வெளிப்படுவது பிறன் பெயராயும் பிறன் கருத்தாயும் இருத்தல் வேண்டும். இதுவே இவ்விதிகளின் சாரம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே திரைப்பட உலகில் இதனையொத்த ஒரு வழக்கம் வளர்ந்தது. ஒரு நாட்டிலே புகழ் பெற்ற நெறியாளர், அந்நாட்டு மக்கள் அறியாத பிறநாட்டுப் படமொன்றுக்குத் தமது பெயரை வழங்குவார். 'இன்னார் வழங்கும்' என்ற வாசகத்தோடு அப்படம் அங்கே திரையிடப்படும். படத்தின் ஆக்கத்தில் அவருக்குப் பெரும்பாலும் பங்கிராது. இவ்வழக்கம் ஏன் தோன்றியது? இரவல் வாங்கிய பெயரால் நன்மை பெற்றவர் யார்? பிறர் பெயரைத் தாங்கி அந்நிய மண்ணுட் புகுந்த படைப்பு தன் சொந்தக் குரலைக் காத்துக்கொண்டதா? இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடையது.

முதலிற் காரணத்தை நோக்குவோம். ஹொலிவூட்டின் பெரும் நிறுவனங்கள் படங்களைத் தயாரிப்பதோடு அமையவில்லை. அவற்றை விநியோகிக்கும் அமைப்புக்களையும், திரையிடும் படமாளிகைகள் பலவற்றையும் தமது உடைமையாக்கியிருந்தன. 1948 ஆம் ஆண்டிலே பரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தயாரிப்பையும் படமாளிகை உடைமையையும் பிரித்து வைக்க வழிகோலியது. எனினும் விநியோகத்தின் கடிவாளம் அந்நிறுவனங்களின் கையிலேயே எஞ்சியது. பிறமொழிப் படங்கள் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் இருந்த சிறிய படமாளிகைகளில் ஒதுங்கிக் கிடந்தன. அமெரிக்கப் படம் உலகெங்கும் இராசபாட்டையிற் சென்றது. உலகத்துப் படமோ அமெரிக்காவுக்குள் ஒற்றையடிப் பாதையிலேயே நுழைய வேண்டியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் வருபவனுக்கு வழித்துணை வேண்டும். புகழ் பெற்ற பெயர் அத்துணையாக அமைந்தது.

இதன் தொடக்க நிலையை வங்காளத்துச் சத்யஜித் ராயின் வாழ்விற் காண்கிறோம். அவரது 'பதேர் பாஞ்சாலி' முற்றுப்பெறாத நிலையில் இருந்தபோது, தமது படமொன்றுக்கு இடம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்க நெறியாளர் ஜோன் ஹஸ்ரன் அதன் சில பகுதிகளைப் பார்த்தார். அவர் நியூ யோர்க்கிலுள்ள நவீன கலை அரும்பொருளகத்தாருக்குக் கூறிய நன்மொழி, 1955 மே மாதத்தில் அப்படம் அங்கே முதன்முதலாகக் காட்டப்படுவதற்குத் துணைசெய்தது. ஹஸ்ரன் தந்தது நற்சான்று ஒன்றே. அவர் பெயர் படத்தின்மீது ஏறி அமரவில்லை.

கால் நூற்றாண்டின் பின்னர் நிலைமை மாறியது. 'ரஷோமொன்' (1950), 'ஏழு சாமுராய்' (1954) ஆகிய படங்களால் உலகப் புகழ் ஈட்டிய யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா, 1970 இல் வெளியான படமொன்றின் வணிகத் தோல்விக்குப் பின் தமது நாட்டு முதலாளிகளின் ஆதரவை இழந்தார். 1971 டிசெம்பரில் தற்கொலைக்கும் முயன்றார். அந்நிலையில் அவருக்குப் படமெடுக்கும் வாய்ப்பை அளித்தது சோவியத்து நாடு. 1975 இல் வெளிவந்த 'டெர்சு உசாலா' அதன் பயன். ஆயினும் 'ககெமுஷா' என்னும் பெரும் படத்துக்கு அவர் திட்டமிட்டபோது, யப்பானிய நிறுவனமாகிய டோஹோ செலவு முழுவதையும் ஏற்க முன்வரவில்லை. அவ்வேளை அமெரிக்க நெறியாளர்களான ஜோர்ஜ் லூக்காசும் பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவும் முன்வந்து, யப்பானுக்கு வெளியே படத்தைத் திரையிடும் உரிமையை வாங்குமாறு பொக்ஸ் நிறுவனத்தை இணங்கச் செய்தனர். அப்பணத்தால் படம் நிறைவெய்தியது. வெளிநாட்டுப் பிரதியிலே நிர்வாகத் தயாரிப்பாளர்களாக அவ்விருவர் பெயரும் பொறிக்கப்பட்டன. 1980 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனையோலை விருதை அப்படம் மற்றொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது.

லூக்காஸ் வெறும் அபிமானியாக வந்தவரல்லர். 1977 இல் வெளியான அவரது 'ஸ்ரார் வோர்ஸ்' படம், குரோசாவாவின் 'மறைந்த கோட்டை' (1958) என்னும் படத்தின் கதையமைப்புக்குக் கடன்பட்டது. எனவே நன்னூலார் கூறும் மாணாக்கன் என்னும் தகுதி அவருக்கு உண்டு. இது போற்றற்குரிய செயலே. ஆனால் இதனூடே தெரியும் சமுதாய உண்மையை நாம் தவறவிடலாகாது. ஆசிரியனுக்கு மாணாக்கன் பிணை நிற்க நேர்ந்தது ஏன்? 'ஏழு சாமுராய்' என்னும் படைப்பைப் பிணையாகக் கொள்ளாத நிறுவனம், 'ஸ்ரார் வோர்ஸ்' ஈட்டிய இலாபத்தைப் பிணையாகக் கொண்டது. கலை நிறுக்கப்பட்ட தராசு அதுவாகும். யப்பானில் மூன்று மணி நேரம் ஓடிய படம், வெளிநாட்டிலே பதினெட்டு நிமிடமளவு குறைந்து ஓடியது. இறந்துபோன படைத்தலைவனின் பெயரையும் உருவையும் திருடனொருவன் தாங்கி நிற்பதே 'ககெமுஷா'வின் கதை. அக்கதையைச் சொன்ன கலைஞரும் தம் முதுமையிலே பிறர் பெயரின் நிழலில் நிற்க நேர்ந்தது.

நமது வினாக்களுக்கு இன்னும் கூர்மையான விடையைத் தருவது 'நான் கியூபா' என்னும் படத்தின் வரலாறு. சோவியத்து நாட்டின் மொஸ்பில்ம் நிறுவனமும், புரட்சி வென்ற 1959 ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்ட கியூபத் திரைப்பட நிறுவகமும் சேர்ந்து தயாரித்த இப்படத்தை, 'கொக்குகள் பறக்கின்றன' என்னும் படத்துக்காக 1958 இல் கான் விழாவின் தலைப் பரிசைப் பெற்ற மிகயில் கலத்தோசொவ் நெறிப்படுத்தினார். கவிஞர் யெவ்துஷெங்கோவும் கியூப எழுத்தாளர் என்ரிக்கே பினேடா பார்னெட்டும் கதை எழுதினர். ஒளிப்பதிவு செர்கேய் உருசெவ்ஸ்கி. ஹவானாவின் களியாட்ட விடுதியில் அமெரிக்கருக்குத் தன்னை விற்கும் ஏழைப் பெண், தான் பயிரிட்ட நிலம் அமெரிக்கப் பழக் கம்பனிக்கு விற்கப்பட்டதை அறிந்து கரும்புத் தோட்டத்துக்கே தீ வைக்கும் விவசாயி, துப்பாக்கிக்கு இரையாகும் மாணவன், குண்டு வீச்சிலே குடிசையை இழந்து போராளிகளோடு சேரும் மலைநாட்டுக் குடியானவன் ஆகிய நால்வர் கதைகளை அப்படம் கூறுகிறது. இக்கதைகளை இணைப்பது ஒரு பெண்ணின் குரல். 'நான் கியூபா' என்று நாடே பேசுவதாக அக்குரல் ஒலிக்கிறது.

1964 இல் படம் வெளிவந்தபோது அதற்கு வரவேற்புக் கிடைக்கவில்லை. ஹவானாவில் அது அந்நியர் கண்ட கியூபா எனக் கருதப்பட்டது. 'நான் கியூபா அல்ல' என்று பெயரையே மாற்றி நகைத்தனர். மொஸ்கோவிலும் அது நெடுநாள் ஓடவில்லை. 1962 முதல் கியூபாவோடு வணிகத் தொடர்பைத் தடைசெய்திருந்த அமெரிக்காவிலோ அதற்கு இடமே இருக்கவில்லை. தடைவிதித்த முதலாளித்துவ அரசை மட்டும் குறைகூறிவிட்டு, அலுமாரியிற் பூட்டிவைத்த நமது அணியினரை மறந்துவிடுதல் நேர்மையாகாது. கலத்தோசொவ் 1973 இலும் உருசெவ்ஸ்கி 1974 இலும் காலமாயினர். தம் உழைப்பு உலகத்தாரால் அறியப்பட்டதை அவர்கள் கண்டாரில்லை.

சோவியத்து ஒன்றியம் குலைந்த பின்னரே படம் வெளிச்சத்துக்கு வந்தது. 1992 இல் அமெரிக்காவின் ரெலுரைட் திரைப்பட விழாவிலும், 1993 இல் சான் பிரான்சிஸ்கோ விழாவிலும் காட்டப்பட்டது. மைல்ஸ்ரோன் என்னும் சிறிய விநியோக நிறுவனம் 1995 இல் அதனை நாடெங்கும் திரையிட முன்வந்தது. மார்ட்டின் ஸ்கோர்செசியும் கொப்போலாவும் தமது பெயர்களை வழங்கினர். அமெரிக்க மூலதனத்தின் கொடுமையைத் தோலுரிக்க எடுக்கப்பட்ட படம், அமெரிக்க நெறியாளர் இருவரின் பெயரைத் தாங்கி அமெரிக்க மக்களிடம் சென்றது. வரலாறு சில வேளைகளில் இவ்வாறு நகைக்கிறது.

அப்பெயர்கள் இன்றேல் இன்று நம்முட் பலர் இப்படத்தை அறிந்திருக்க மாட்டோம் என்பது உண்மையே. ஆயின் அறியப்பட்டது எது? மாடியிலிருந்து இறங்கி நீச்சற் குளத்துட் புகும் கமெராவையும், மாணவனின் சவ ஊர்வலத்தின்போது கட்டடத்தின் மேலேறி, சுருட்டுத் தொழிலாளர் வேலைசெய்யும் அறையைக் கடந்து, தெருவின்மேல் மிதந்து செல்லும் கமெராவையும் கண்டு மேல்நாட்டு இரசிகர் வியந்தனர். உருவம் கொண்டாடப்பட்டது, உள்ளடக்கமோ காலங்கடந்த பிரசாரம் எனப் பலராலும் புறந்தள்ளப்பட்டது. அச்சுருட்டுத் தொழிலாளர் கையிலெடுத்த கொடியைச் சன்னலுக்கு வெளியே விரிப்பதைக் காட்டவே கமெரா அம்மாடிக்கு ஏறியது. ஏறிய விதத்தை மட்டும் கண்டு, எதற்காக ஏறியது என்பதைக் காணாதவன் படத்தின் பாதியையே கண்டவனாவான். பெயர் கதவைத் திறந்தது. உள்ளே வந்தவனின் பேச்சைக் கேட்கச் செய்யும் ஆற்றல் பெயருக்கு இருக்கவில்லை.

பெயர் முற்றாக வணிக முத்திரையாகும் நிலையை 2004 இற் காண்கிறோம். சீன நெறியாளர் சாங் யிமோவின் 'வீரன்' 2002 இலேயே சீனாவில் வெளிவந்தது. அமெரிக்க உரிமையை வாங்கிய மிராமக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதனை முடக்கி வைத்தது. பின்னர் 'குவென்டின் டரன்டினோ வழங்கும்' என்ற வாசகத்தோடு 2004 ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்டது. டரன்டினோவின் முயற்சியும் உதவியதால் படம் வெட்டுப்படாமல், சீன மொழியிலேயே வெளிவந்தது. அவ்வளவில் அது நன்றே. முதல் வார இறுதியில் வசூலில் முதலிடம் பெற்று, அமெரிக்காவில் மொத்தம் 5 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. ஆனால் படத்தின் அரசியல் வாதம் முழுவதையும் தாங்கும் சொல், 'வானத்தின் கீழுள்ள அனைத்தும்' எனப் பொருள்படும் சீனத் தொடர், ஆங்கில வரிகளில் 'நமது நாடு' என்று சுருங்கியது. பேரரசு கொடிதா, அமைதிக்கு அது வேண்டுமா என்று விவாதிக்கவேண்டிய பார்வையாளருக்கு அவ்விவாதத்தின் திறவுகோல் கிட்டவில்லை. ஆக்கியோன் பெயரினும் வழங்குவோன் பெயர் முந்தியது. நுதலிய பொருளோ மங்கியது.

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. நடனக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்ரூடியோவிலே உருவாக்கி 1948 இல் வெளியிட்ட 'கல்பனா' என்னும் படத்தை, ஸ்கோர்செசி 2007 இல் நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை செப்பனிட்டு, 2012 இல் கான் விழாவிலே காட்டச் செய்தது. இங்கே பெயரோடு உழைப்பும் சேர்ந்தது. உரை காண்பவன் சிதைந்த ஏட்டைப் பரிசோதித்துப் பாடத்தை மீட்பது போன்ற பணி இது. வசூலையே கருதும் படமுதலாளி ஒருவனிடம் எழுத்தாளன் தன் கதையைச் சொல்வதாகவே 'கல்பனா' தொடங்குகிறது. அம்முதலாளி கேட்க மறுத்த கதையை அறுபது ஆண்டுகளின் பின் உலகம் கேட்டது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? பெயர் கொடுத்தோரின் நல்லெண்ணத்தை ஐயுறுதல் வேண்டா. அவருட் பலர் கடன் தீர்க்க வந்த மாணாக்கர். சிலர் பாடம் காத்த உரையாசிரியர். குறை அவர் நிற்கும் வாயிலில் இருக்கிறது. விநியோகம் சிலர் உடைமையாய் உள்ளவரை, உலக மக்களின் கலை ஒருவரையொருவர் அடைய யாரேனும் ஒரு பெரியவரின் கைச்சாத்துத் தேவைப்படவே செய்யும். அவ்வாயிலை மக்களின் பொதுச் சொத்தாக்குவது நீண்ட போராட்டம். அதுவரை திரைப்பட வட்டங்களிலும் வகுப்பறைகளிலும் நாம் செய்யக்கூடிய கடமை ஒன்று உண்டு. படமொன்றைக் காட்டுமுன் அதனை வழங்கியவர் யார் என்று கூறுவதோடு நில்லாது, ஆக்கியவர் யார், எந்த மக்களின் எந்தத் துயரை அது பேசுகிறது, எங்கே எவரால் அது மறைக்கப்பட்டது என்பனவற்றையும் எடுத்துரைப்போம். பாயிரத்தின் பணி அதுவே. பாயிரம் முடிந்ததும் நூல் பேசத் தொடங்க வேண்டும்.