கல் சுமந்தவர்களின் கடற்கரை

கொழும்பைக் காண வருவோர் யாவரும் மாலை வேளையில் தவறாது சென்று நிற்குமிடம் காலிமுகத்திடல். மேற்கே எல்லையின்றி விரிந்த இந்து சமுத்திரம். அதன் விளிம்பில் செம்பொன்னாய் உருகி மறையும் ஞாயிறு. வடக்கே கோட்டைப் பகுதியின் மாடங்களும், கடலைத் தூர்த்து எழுப்பப்படும் புதிய நகரமும், அவற்றுக்கு அப்பால் துறைமுகமும். அன்றாட உழைப்பிலே களைத்துப்போன குடும்பம் ஒன்று இறால் வடையும் கடலையும் வாங்கிக்கொண்டு காசில்லாமல் காற்று வாங்கக்கூடிய இடம் இத்தலைநகரில் இதுபோல் வேறொன்று உண்டா? இந்த அழகை அனுபவிக்க எளிய மக்களுக்கு உரிமையுண்டு. அதைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று.

ஆனால், அழகைக் காட்டுவோர் சரித்திரத்தையும் காட்டவே முற்படுகிறார்கள். தேசாதிபதிகளின் பெயர்கள், கோட்டையை வென்ற தளபதிகளின் பெயர்கள், அடிக்கல் நாட்டிய இளவரசரின் பெயர் எல்லாம் நமக்குச் சொல்லப்படுகின்றன. அடிக்கல்லுக்கு மேலே அடுக்கப்பட்ட ஆயிரமாயிரம் கற்களை வெட்டியவர் யார், சுமந்தவர் யார் என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இக்கேள்வியை எழுப்பாவிடில் வேறு யார் எழுப்புவார்?

நுகேகொடையிலிருந்து புறப்படும் மாணவர் குழு ஒன்றுக்குச் சரித்திர பாடம் புகையிரத மேடையிலேயே தொடங்கிவிடலாம். அந்நிலையத்தைக் கடந்து செல்லும் களனிவெளிப் பாதை, தோட்டங்களில் விளைந்த தேயிலையையும் றப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் குறுகிய பாதையாக அமைத்ததாகும். பிரயாணிகளின் வசதி அவர்களுக்கு இரண்டாம் பட்சமே. தோட்டத்திலிருந்து கப்பல்வரை நீண்ட அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் நாம் காணப்போகும் கடற்கரை.

கோட்டையும் அடிமையும்

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபுனு பதூதா, கொழும்பை இத்தீவின் பெரிய, அழகிய நகரங்களுள் ஒன்றாகக் குறித்திருக்கிறார். ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே இது பல இனத்து வணிகர் கூடிய துறையாக இருந்தது என்பதற்கு அது சான்று. 1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1518இல் கோட்டை எழுப்பத் தொடங்கினர். 1656இல் ஒல்லாந்தரும், 1796இல் ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். கொடிகள் மாறின, கறுவாவும் யானையும் கப்பலேறிய முறைமை மாறவில்லை.

ஒல்லாந்தர் காலத்தின் சின்னமாக உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டப்படுவது கொட்டாஞ்சேனை அருகே மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம். 1757இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் தடித்த சுவர்களும் கல்லறைப் பலகைகளும் காணத்தக்கவையே. ஆனால் அதே ஒல்லாந்தர் விட்டுச் சென்ற மற்றொரு சின்னம் ஓர் ஊர்ப்பெயராக நிலைத்தது. பேரை வாவியின் கரையிலுள்ள கொம்பனித்தெரு ஆங்கிலத்திலே நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்றே வழங்கியது. பகலெல்லாம் கோட்டைக்குள் வேலை வாங்கப்பட்ட அடிமைகளை இரவிலே தண்ணீர் சூழ்ந்த அவ்விடத்தில் அடைத்து வைத்தார்கள். தப்பி நீந்துவோரைத் தடுக்க முதலைகள் இருந்தன என்பர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேதான். தேவாலயத்தைக் காணும் மாணவன் கொம்பனித்தெருவின் பெயர்க்கதையையும் அறிந்தாலன்றோ ஒல்லாந்தர் ஆட்சியின் முழு உருவம் அவனுக்குப் புலப்படும்!

காலிமுகத்திடலின் பிறப்பும் இத்தகையதே. கோட்டையின் பீரங்கிகளுக்குத் தெற்கே தடையின்றிக் குண்டு பாய்வதற்காகத் திறந்து விடப்பட்ட வெளி அது. அங்கே கடலோரமாக உலாவும் பாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் சீமாட்டிகளுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பேணுமாறு பின்வரும் தேசாதிபதிகளுக்குப் பரிந்துரைத்து அவர் கல்லிலே பொறித்துவைத்தார். மென்மையான உள்ளம் என்று நாம் நெகிழ்ந்துபோகலாம். இதே வார்ட், இலங்கைக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்கத் தீவுகளிலே ஆட்சி செலுத்தியபோது, 1849இல் செபலோனியாவில் எழுந்த குடியானவர் கிளர்ச்சியைத் தூக்குமரத்தாலும் சவுக்கடியாலும் அடக்கியவர். கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது அவருடைய சரித்திரத்தின் ஒரு பக்கம் மாத்திரமே.

அணை எழுந்த கதை

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழைத்தேசக் கப்பற் போக்குவரத்தின் போக்கே மாறியது. அதுவரை பெரிய கப்பல்கள் காலித் துறையையே நாடின. கோப்பித் தோட்டக்காரர்களும் வர்த்தகர்களும் தங்கள் சரக்குக்கு அருகிலேயே துறைமுகம் வேண்டுமென நின்றனர். ஆனால் கொழும்பு தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மார்பு காட்டி நின்ற திறந்த துறை. ஆகவே அலைதடுப்பணை கட்டத் தீர்மானித்தார்கள். சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் திட்டம் வகுக்க, 1875 டிசம்பர் 8ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள தென்மேற்கு அணை 1885இல் முடிவுற்றது. ஏனைய அணைகள் 1912 அளவில் நிறைவேறின. உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாகக் கொழும்பு உயர்ந்தது.

இளவரசரின் கையிலே கொல்லன் கரண்டி சில நிமிடங்களே இருந்தது. அணைக்கு வேண்டிய கல்லை மகர என்னுமிடத்துக் கற்குழியிலே வெட்டியவர்கள் சிறைக்கைதிகள். மகரச் சிறைச்சாலை தோன்றியதே இக்கல்லுக்காகத்தான். வெட்டிய கல்லைப் புகையிரதம் கடற்கரைக்கு இழுத்து வந்தது. கூலி கொடுக்க வேண்டாத கைகளைக் கொண்டு, ஏகாதிபத்தியத்தின் கப்பல்களுக்கு அமைதியான நீர்ப்பரப்பு உண்டாக்கப்பட்டது. அக்கைதிகளில் எத்தனை பேர் பசிக்குத் திருடியவர்கள். எத்தனை பேர் வரிகொடுக்க வழியற்றவர்கள்! அவர்கள் பெயர் தாங்கிய ஒரு கல்லும் அக்கரையில் இல்லை.

அணை எழுந்த பின் துறைமுகத்தை இயக்கியவர்களோ பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும், அவர்களோடு சிங்களவரும் சோனகரும். நீராவிக் கப்பல்களின் வயிற்றை நிரப்ப நிலக்கரி மூட்டைகளை முதுகில் சுமந்து பலகை வழியே ஏறினார்கள். தேயிலைப் பெட்டிகளையும் அரிசி மூட்டைகளையும் படகிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து படகுக்கும் மாற்றினார்கள். இரவில் கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் காற்றோட்டமற்ற அறைகளிலே நெருக்கிப் படுத்தார்கள்.

இத்துறைமுகத்தோடு தமிழகத்தின் விடுதலைப் போராட்டத்துக்கும் உறவுண்டு. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தன் கப்பல்களை ஓட்டியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலேதான். கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதை நசுக்க முயன்ற வெள்ளைக் கம்பெனி, தன் ஏகபோகத்துக்கு எத்துணை அஞ்சியது என்பதற்கு இந்நீர்வழியே சாட்சி. 1908இல் அவர் சிறைப்பட்டார், சிறையில் செக்கிழுத்தார். இங்கே கைதிகள் கல் வெட்டினர். அங்கே கப்பலோட்டியவர் கைதியானார்.

ஒற்றுமையும் பிளவும்

1927ஆம் ஆண்டிலே இத்துறைமுகத்தில் 13,000 வரையிலான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1922இல் தோன்றிய இலங்கைத் தொழிற்சங்கமும் அதன் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவும் அப்போராட்டத்தை நடத்தினர். தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யரும் அந்நாட்களில் அவரோடு தோள்நின்றார். மொழி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. கூலியும் பசியும் ஒன்று. அவ்வொற்றுமை கப்பல்களை அசையவிடாது நிறுத்தியது.

ஆறே ஆண்டுகளில் காட்சி மாறியது. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகிற்று. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இளைஞர் காங்கிரஸ் வழிவந்த கொல்வின் ஆர். டி சில்வாவும் அவர் தோழர்களும் அதற்குத் தலைமை தாங்கினர். ஆலைத் தொழிலாளருள் மலையாளிகள் பெருந்தொகையினர். குணசிங்காவோ அவ்வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். நேற்றுவரை துறைமுகத்தில் எல்லா இனத்தவரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தியவர், மலையாளிகளே சிங்களவரின் சோற்றைப் பறிக்கிறார்கள் என்ற பிரசாரத்தில் இறங்கினார். நடேசய்யரும் அதற்கு முன்னரே அவரை விட்டு விலகி மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே சென்றுவிட்டார்.

இதனால் யாருக்கு ஆதாயம்? மலையாளியை விரட்டியதால் சிங்களத் தொழிலாளியின் கூலி உயர்ந்ததா? 1939இல் அரசாங்கப் பகுதிகளில் வேலை செய்த இந்திய நாட்கூலிகள் நீக்கப்பட்டனர். 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தொழிலாளி வர்க்கத்தின் மிகப் பெரிய பகுதியொன்று வாக்குச்சீட்டை இழந்தது. அதனால் வலுவிழந்தது இடதுசாரி இயக்கமே. சிங்களத் தொழிலாளியின் குரலும் அதனோடு சேர்ந்தே தாழ்ந்தது.

கப்பலேறிய மந்திரிசபை

ஆயினும் ஒற்றுமை முற்றாகச் செத்துவிடவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. காலிமுகத்திடலிலே மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. தெருக்கள் மக்கள் கைக்கு வந்தன. மந்திரிசபை எங்கே கூடியது தெரியுமா? கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ‘நியூபவுண்ட்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில்! கைதிகள் வெட்டிய கல்லால் எழுந்த அணை, சுதந்திர இலங்கையின் மந்திரிகளுக்குத் தம் சொந்த மக்களிடமிருந்து அடைக்கலம் கொடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1956 ஜூன் 5ஆம் நாள், அதே காலிமுகத்திடலில், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் அறவழியிலே அமர்ந்த தமிழர்கள் குண்டர்களால் அடித்து நொறுக்கப்பட்டனர். எதிரே பாராளுமன்றம், பொலிசார் பார்த்து நின்றனர். 1958 கலவரத்தில் கொழும்பிலிருந்த தமிழர்கள் அகதிகளாய் இத்துறைமுகத்திலேயே கப்பலேறி வடக்கே சென்றார்கள். 1983 ஜூலையிலும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்த பின் அதே காட்சி மீண்டது. தங்கள் பாட்டன்மார் மூட்டை சுமந்த துறையிலே பேரர்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள்.

இங்கே இடதுசாரிகளாகிய நாம் பிறரை மட்டும் சுட்டிவிட்டுத் தப்ப முடியாது. 1956இல் பாராளுமன்றத்திலே இரு மொழிகளுக்கும் சம உரிமை கேட்டு நெஞ்சுரத்தோடு வாதிட்டவை இடதுசாரிக் கட்சிகள். பத்தாண்டு கழிந்து, 1966 ஜனவரியில், தமிழ்மொழி விசேட விதிகளை எதிர்த்துக் கொழும்பு வீதியிலே சென்ற ஊர்வலத்திலும் அதே கட்சிகள் இருந்தன. வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளருக்காக நின்ற கொல்வினே, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக நிலைநாட்டிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கிய மந்திரியாகவும் இருந்தார். குணசிங்காவின் வீழ்ச்சியைக் கண்டித்தவர்கள் அதே படியில் இறங்கியது வேதனையிலும் வேதனை. பதவிக்கும் பெரும்பான்மை வாக்குக்கும் கொடுத்த விலையை இயக்கம் இன்றும் தீர்த்து முடிக்கவில்லை.

இன்றைய கரை

2014இல் அடிகோலப்பட்ட துறைமுக நகரம் 269 ஹெக்டேர் பரப்பைக் கடலிலிருந்து பறித்து எழுந்தது. அதற்காகக் கடலடி மணல் தோண்டப்பட்டதை நீர்கொழும்பு மீனவர்கள் எதிர்த்தனர். 2021 மே மாதம் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பற்றி எரிந்து, பின்னர் மூழ்கியபோது, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. வலையை உலர்த்திவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தவர்களும் அந்த மீனவர்களே. கடலின் இலாபம் ஒரு கைக்கும் நட்டம் மற்றொரு கைக்கும் போகும் பழைய கணக்கு இன்னும் மாறவில்லை.

ஆனால் 2022ஐயும் மறத்தலாகாது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்று வாடிய அவ்வாண்டிலே, மார்ச் 31 இரவு, நுகேகொடைக்கு அருகே மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தின் முன் எழுந்த எதிர்ப்பு, ஏப்ரல் 9ஆம் நாள் காலிமுகத்திடலுக்கு வந்து கூடாரமடித்தது. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அமர்ந்தனர். மே 18ஆம் நாள், போரில் மாண்டோர் நினைவாக அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்பட்டது. 1956இல் தமிழரின் இரத்தம் சிந்திய புல்வெளியில் நடந்த நிகழ்ச்சி இது. ஜூலையிலே ஜனாதிபதி பதவி துறந்தார். அதே மாதம் 22ஆம் நாள் விடியுமுன் படையினர் கூடாரங்களைப் பிரித்தெறிந்தனர். ஒரு கஞ்சிக் கிண்ணம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுப் பிளவை ஆற்றிவிடாது என்பது உண்மையே. எனினும், 1927இல் துறைமுகத்தில் இயன்றது மீண்டும் இயலும் என்பதை அது காட்டிற்று.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை மாணவர்களோடு அக்கரைக்குச் செல்லும்போது ஞாயிறு மறைவதைக் காட்டுங்கள். அதற்கு முன் மகரக் கற்குழியின் கதையைச் சொல்லுங்கள். வார்டின் கல்லைப் படிக்கச் செய்து, அதில் எழுதப்படாதவற்றைக் கேட்கச் செய்யுங்கள். 1927, 1933, 1953, 1956, 2022 என்னும் ஐந்து ஆண்டுகளையும் பலகையில் எழுதி, உழைப்பவர் எப்போது வென்றனர், எப்போது தோற்றனர், ஏன் என்று அவர்களையே விடை காணச் செய்யுங்கள். சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் அவ்விடையைச் சேர்ந்து எழுதுவார்களாயின், அக்கடற்கரையில் இதுவரை எவரும் நாட்டாத நினைவுக்கல்லை அவர்கள் நாட்டியவர்களாவர்.